அண்ணன் நெற்றியில் வளையம்

அன்று காலையில் நான் செய்த முதல் வேலை, உடையக் கூடாத கண்ணாடியை உடைத்தது.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் நெகட்டிவை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண்ணாடிகள் உண்டு. என்னுடையதில் மேல் கண்ணாடி லேசாகச் சொரசொரப்பு ஏற்றியது. விரலுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் யாரோ அதன் மேல் மூச்சு விட்டது போல மங்கலாக இருக்கும். அதைச் சோப்புக் கையோடு எடுத்து, துடைக்கிற துணி எங்கே என்று கத்திக்கொண்டே திரும்பினேன். குழாயில் இடித்து இரண்டாகி, தரையில் விழுந்து தூள் தூளாகிவிட்டது. போனால் போகிறது என்று விடக்கூடிய சாதாரணக் கண்ணாடிகள் அலமாரியில் பத்திரமாகப் படுத்திருந்தன.

என்ன உடைந்தது என்று வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். என் மண்டை என்றேன். அப்படியென்றால் சரி என்று பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று எனக்கு. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் பிழைப்பு. லீவு நாளில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு விளக்கு மாட்டி, வாஷ்பேசின் மேல் பலகை போட்டு, கறுப்பு வெள்ளைப் படம் போடுவது என் கிறுக்கு. வீட்டுக்காரர் இந்தக் கிறுக்கை இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு விருந்தாளி வந்து மற்ற குளியலறையும் போய்விடுகிற நாளில் மட்டும் கொஞ்சம் முனகுவார். அன்று விருந்தாளி இருந்தாள். அண்ணி.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதனாலோ என்னவோ வீட்டிலும் குரலை உயர்த்த மாட்டாள். எனக்கு நேர் எதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் அண்ணன் வைத்த பெயர் வெடி. அவன் போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட அண்ணி ஒருத்திதான் மிச்சம்.

வேலைக்குப் போன ஊரில் காய்ச்சல் என்று படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. மகள் கைக்குழந்தை. அந்த மகள் வீட்டோடு போய் இருப்பதென்று அண்ணி இப்போதுதான் முடிவுசெய்து, தன் வீட்டைக் காலி செய்து, கடைசி ராத்திரி எங்களோடு தங்கியிருந்தாள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் கார் வந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணன் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, ஃபிரேம் செய்து, அவள் வீட்டுக் கூடத்தில் நானே ஆணி அடித்து மாட்டினேன். அடுத்த தடவை போனபோது ஆணி இருந்தது, படம் இல்லை. பரணில் இருக்கிறது என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால், அண்ணனைத் தெரிந்தவள் என்று எனக்கு மிஞ்சியிருக்கும் ஒருத்தியும் போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், ஆனால் அந்த ஆணி என் நெஞ்சில் அப்படியே நின்றது. என் வீட்டிலும் அவன் படத்தை மாட்டவில்லை. கட்டினவளே மாட்டாதபோது நான் மாட்டினால் குத்திக்காட்டியது போல ஆகிவிடும்.

வீட்டைக் காலி செய்தபோது அந்த ஃபிரேமை இறக்கினோம். பரணில் ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தபோது அண்ணன் முகத்தில் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணி அந்தப் பாதி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"பொண்ணு அப்பா படம் கொண்டு வான்னு சொல்லியிருக்கா. நான் போறதுக்குள்ள இன்னொண்ணு போட முடியுமா, வெடி?"

இத்தனை வருஷத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. இன்றைக்குக் கையில் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பரவாயில்லை விடு என்பாள். தபாலில் அனுப்பினால், உறை பிரியாமலே பெட்டிக்கு அடியில் போய்விடும். அண்ணனுக்கு இந்த உலகத்தில் ஒரு சுவர் கிடைப்பதும் கிடைக்காததும் கார் வருவதற்குள் தீர்ந்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் கண்ணாடியைக் கழுவப் போய் உடைத்தேன்.

வெளியே விடாமல் மழை. கறுப்புத் துணியெல்லாம் நசநசவென்று இருந்தது. பிஸ்கட் டின்னிலிருந்து நெகட்டிவை எடுத்தேன். உள்ளங்கையில் பாதி அகலம் இருக்கும். அந்தப் படம் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இரவல் கேமராவில் எடுத்தது. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எடுத்துத் தொலை என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். முடி கருகருவென்று ஏறிக் கிடக்கிறது, மீசையும் அப்படியே. இவ்வளவு காலம் டின்னுக்குள் கிடந்து நெகட்டிவ் சுருண்டு போயிருந்தது, விட்டால் கையிலேயே உருளும்.

முதலில் கண்ணாடியே இல்லாமல் முயன்றேன். ஓரங்களை மட்டும் சட்டத்தில் பிடிக்கவைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்து, போட்டோ பேப்பரை வைத்தேன். விளக்குச் சூட்டில் பிலிம் நடுவில் தொப்பை போட்டுவிட்டது. டெவலப்பர் தண்ணீரில் போட்டுப் படம் வந்தபோது காது துல்லியமாக இருந்தது, கண் கஞ்சியாகக் கலங்கியிருந்தது. மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை கண் சரி, மற்றதெல்லாம் கஞ்சி. சுருண்ட பிலிமுக்குக் கண்ணாடி இல்லாமல் ஆகாது என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் பேப்பரை வீணாக்கினேன்.

பிறகு அந்தச் சாதாரணக் கண்ணாடி இரண்டுக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். பிலிம் சமத்தாகப் படுத்தது. ஆனால் பேப்பரில் அண்ணன் நெற்றியில் வளையம் வளையமாக ஏதோ விழுந்திருந்தது. தண்ணீரில் எண்ணெய் சொட்டினால் விரிகிற மாதிரி, கறுப்பும் வெளுப்புமாக, ஒன்றுக்குள் ஒன்று. நியூட்டன் வளையம் என்பார்கள். பிலிமுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. பளபளப்பான பக்கம் பளபளப்பான கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நின்றால், நடுவில் மாட்டிக்கொண்ட துளிக் காற்றில் வெளிச்சம் செய்கிற சேட்டை இது. ஒட்டவும் கூடாது, உரசாமல் நிற்கவும் கூடாது, கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அந்தச் சொரசொரப்பைத்தான் நான் கூட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தேன்.

ஈரம்தான் காரணமாக இருக்கும் என்று ஹேர் டிரையரால் நெகட்டிவையும் கண்ணாடியையும் சூடு காட்டினேன். வளையம் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. ஓரங்களில் மெல்லிய காகிதப் பட்டை வைத்து மேல் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் பிலிம் எழும்பிப் போய்க் கண்ணாடியை முத்தமிட்டது, வளையம் மறுபடியும் நெற்றிக்கே வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன அறையில் நடக்க இடமில்லாததால் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர்தான் என்று நினைத்து, அந்தக் குளியலறையில் போங்களேன் என்று கத்தினேன். நான்தான் என்றாள் அண்ணி. வெளிச்சம் படாமல் பேப்பர் டப்பாவை மூடிவிட்டுக் கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்துப் போட்டேன். உட்கார வேறு இடமில்லை, கமோடு மூடியைக் காட்டினேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் வீட்டில் காத்திருப்பவள் போல உட்கார்ந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் அவள் நரைமுடி ரோஜா நிறமாகத் தெரிந்தது.

அவள் முன்னால் இன்னொரு பேப்பரைப் போட்டேன். டிரேயை ஆட்ட ஆட்ட முதலில் முடி வந்தது, பிறகு மீசை, பிறகு கண். அண்ணி எழுந்து குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு என் கையில் பட்டது.

"நெத்தியில கோடு கோடா இருக்கே," என்றாள்.

அவள் குரலில் குறையே இல்லை. ஆசையாகக் கேட்டது போல இருந்தது. எனக்கு அப்போது அதையெல்லாம் கவனிக்கிற பொறுமை ஏது?

"அது கோளாறு, அண்ணி. கண்ணாடிக் கோளாறு. அவனுக்கு ஏது நெத்தியில கோடு?"

ஓ என்றாள். மறுபடி உட்கார்ந்து கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். ரொம்பச் சிரமப்பட வேண்டாம், முடியாவிட்டால் பரவாயில்லை என்றாள். எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்குக் கோபம் பொங்கியது. உனக்கு எப்போதுமே பரவாயில்லைதானே, சுவரிலிருந்து இறக்கியபோதும் பரவாயில்லைதானே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, மூட்டையெல்லாம் கட்டியாயிற்றா என்று கேட்டு அவளை வெளியே அனுப்பினேன்.

பழைய கேமராக்களை ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். மெதுவாகப் பேசுகிற மனிதர், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு திருகாணியே கழற்றிவிடலாம். அவருக்கு ஃபோன் போட்டு நடந்ததைக் கொட்டினேன். மேல் கண்ணாடியில் நைசான மாவு தூவலாம், அச்சகத்தில் தாளும் தாளும் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற மாவு, பட்டும் படாமலும் ஒரு தூவல், அதுதான் பிலிமையும் கண்ணாடியையும் பிரித்து வைக்கும் என்றார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தபோது நான் நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டிருந்தேன்.

லீவு நாளில், கொட்டுகிற மழையில், நான் அச்சகத்தைத் தேடி எங்கே போவேன்? அலமாரியைத் திறந்ததும் கண்ணில் பட்டது வீட்டுக்காரரின் முகப் பவுடர். குளித்துவிட்டு வந்தால் கழுத்து, முதுகு, அக்குள் என்று சுண்ணாம்பு அடித்தது போல அப்பிக்கொள்வார். பவுடர் என்றால் பவுடர்தானே! டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு தட்டி, பறக்கிற தூசிக்கு அடியில் கண்ணாடியைக் காட்டினேன். அறை முழுக்க அவர் வாசனை அடித்தது. கண்ணாடி ஓரத்தைப் பலகையில் தட்டி உதறிவிட்டு, நெகட்டிவின் மேல் மூடினேன்.

டெவலப்பரில் படம் வந்தது. நெற்றியில் வளையம் இல்லை. கன்னத்தில் இல்லை, கழுத்தில் இல்லை, பின்னால் சுவரில்கூட இல்லை. டிரேயைத் தூக்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் சுத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன், தனியாக, பைத்தியக்காரி மாதிரி. படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சரில் போட்டு, அலசி, ஹேர் டிரையரால் உலர்த்திக்கொண்டே வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தேன்.

ஜன்னல் பக்கம் வந்ததும்தான் தெரிந்தது. அவன் முடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. காதோரத்தில் கொத்தாக, நெற்றிக்கு மேலே இழை இழையாக, மீசையில் அங்கங்கே. பவுடர்! கேமராக்காரர் கவனிக்கச் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும். பவுடர் துணுக்கு வெளிச்சத்தை மறைத்த இடமெல்லாம் பேப்பரில் வெள்ளையாக நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டையிலும் வெள்ளைச் சுவரிலும் விழுந்தது வெளியே தெரியவில்லை. முகத்திலும் அவ்வளவாகத் தெரியவில்லை. கறுப்பு எங்கே இருந்ததோ அங்கே மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

கீழே ஹாரன் அடித்தது. கார் வந்துவிட்டது. வீட்டுக்காரர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார், டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசுவது கேட்டது. இன்னொரு பிரிண்ட் போட நேரமில்லை. என் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெல்லிய பிரஷ்ஷையும் கறுப்பு மையையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் மை தொட்டு மறைப்பது வழக்கம்தான். ஆனால் ஒன்று இரண்டு என்றால் மறைக்கலாம், ஒரு தலை முழுக்க எப்படி மறைப்பது? காதோரத்தில் தொடங்கினேன். பிரஷ்ஷில் மை கூடிப்போய் முதல் புள்ளியே பெரிதாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவசரப்பட்டு அவசரப்பட்டே எல்லாவற்றையும் கெடுக்கிறவள் நான்.

அண்ணி செருப்பு மாட்டிக்கொள்ளும் முன் சொல்லிக்கொண்டு போக வந்தாள். மேஜையில் இருப்பதைப் பார்த்து நின்றாள்.

இருங்க, இருங்க, இன்னும் முடியலை, புள்ளி விழுந்துவிட்டது, கொஞ்சம் மறைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் உளறிக்கொண்டே அடுத்த புள்ளிக்குக் குனிந்தேன். என் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. வலித்தது.

"தொடாத," என்றாள்.

பிரஷ்ஷை என் விரல்களிலிருந்து உருவி மைப்புட்டி மேல் வைத்தாள். கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காதோரத்து வெள்ளையைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். அவள் கை தானாகப் போய்த் தன் காதோரத்து நரையைத் தொட்டது.

"நீ மாட்டின படத்தை ஏன் இறக்கினேன்னு நீ கேக்கவே இல்ல," என்றாள். "குழாய் ரிப்பேர் பண்ண ஒருத்தர் வந்தாரு. வேலையெல்லாம் முடிச்சிட்டு அதைப் பாத்து, பையன் வெளியூர்ல இருக்காரான்னு கேட்டாரு."

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"ஆமான்னு சொல்லிட்டேன், வெடி. என் வாயால சொன்னேன். அன்னைக்கே இறக்கிட்டேன். அதுக்கப்புறம் உங்கண்ணனை எப்படிப் பாப்பேன்? நான் மட்டும் கிழவியாகிட்டே போறேன், அவரு அங்கயே நின்னுக்கிட்டு சிரிக்கிறாரு."

எனக்கும் அவன் அண்ணன்தான். என் மகனுக்கே இப்போது அவனைவிட வயது கூட. நானே அந்த நெகட்டிவை எடுக்கும் போதெல்லாம் அண்ணா என்று மனதுக்குள் கூப்பிட நாக்குக் கூசும். ஆனால் அவளுக்கும் அந்தக் கூச்சம் இருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு மனசே இல்லை என்று எவ்வளவு சுலபமாக முடிவுகட்டியிருந்தேன்! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரலில் இருந்த மை அவள் கையில் ஒட்டியது.

"இப்ப சரியா இருக்காரு," என்றாள் அண்ணி. "இப்ப யாரும் கேக்க மாட்டாங்க."

டிஷ்யூ காகிதம் வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் படத்தைக் கட்டிக் கொடுத்தேன். எந்தப் பெட்டியிலும் வைக்க விடவில்லை. காரில் ஏறி, அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுகிறேன் என்றாள், கூடத்தில் மாட்டச் சொல்கிறேன் என்றாள். கூடத்தில் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

கார் திரும்பியதும் வீட்டுக்காரர் படியேறி வந்து, எல்லாம் முடிந்ததா, இப்போதாவது அந்தக் குளியலறையை விடுவாயா, பவுடர் வேறு அங்கே மாட்டிக்கொண்டது என்றார். நான் நேராக உள்ளே போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டேன். நெகட்டிவ் என்லார்ஜரிலேயே இருந்தது. கண்ணாடியைத் திறந்து பவுடரை ஊதிவிட வாயைக் குவித்தேன். பிறகு ஊதாமல், மெதுவாக மூடினேன்.

"என்னம்மா, வரியா இல்லையா?" என்று கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

"கொஞ்சம் இருங்க," என்றேன். "நம்ம சுவருக்கு ஒண்ணு போட்டுட்டு வரேன்."